உதவாக்கரை மீனை எதுக்கு பாஸ் வளர்க்கறீங்க?

மாஜிகார்ப்! பேரைக் கேட்டதும் ஏதோ மந்திர மீன்னு நினைச்சுடாதீங்க. போக்கிமான் கேமிலேயே இதைவிட உதவாக்கரை ஜீவன் கிடையாது. சண்டைக்கு இறக்கிவிட்டால் அதுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான்... துள்ளுவது! துள்ளும். எதிரிக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி துள்ளும். மறுபடியும் ஒன்றும் ஆகாது. ஆட்டத்தின் ஆரம்பத்தில், மலைக்குகைக்குப் போகும் வழியில் ஓர் ஆசாமி நின்றுகொண்டு, 'பிரமாதமான சரக்கு' என்று அளந்துவிட்டு இந்த மீனை 500-க்கு உங்கள் தலையில் கட்டிவிடுவார். வாங்கின பிறகுதான் 'ஆஹா... ஏமாந்துட்டோமே' என்று உறைக்கும்.

ஆனாலும் விடாமல் அதை வளர்க்கிற கோஷ்டி உலகம் பூரா உண்டு. எப்படி வளர்ப்பாங்க தெரியுமா? சண்டை ஆரம்பித்ததும் மீனை முதலில் மைதானத்தில் இறக்கணும். அடி விழுவதற்குள் டக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு வேறு ஆளை அனுப்பணும். அந்த ஆள் ஜெயித்தால், சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்த மீனுக்கும் அனுபவப் புள்ளியில் பாதி கிடைக்கும். இப்படியே பத்து சண்டை, இருபது சண்டை, ஐம்பது சண்டை. 20-வது லெவலைத் தொட்டதும் ஸ்கிரீன் மினுமினுக்க, நம்ம துள்ளல் மீன் கைரடாஸ் என்கிற ராட்சதக் கடல்பாம்பாக எழுந்து நிற்கும்! அருவியில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும் கெண்டை மீன் டிராகனாக மாறும் என்று சீனாவில் ஒரு பழங்கதை உண்டு. அதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இப்போ என் கேள்வி. வலுவான ஆளுங்க ஏற்கெனவே டீமில் இருக்கும்போது, ஒன்றுக்கும் உதவாத மீனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு இத்தனை மணி நேரம் அலைவது எதுக்காக? 'டைம் பாஸ்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் டைம் பாஸுக்கு கிரிக்கெட் கேம் இருக்கு, கார் ரேஸ் இருக்கு. அங்கெல்லாம் நீங்க ஓட்டின காரை நினைத்து யாரும் ராத்திரி தூக்கம் கெடுவதில்லை. இங்கே கெடுகிறார்கள். அது ஏன் என்றுதான் கொஞ்சம் தோண்டிப் பார்க்கப் போகிறோம்.

ஆடியே பார்க்காதவங்களுக்கு ஒரு நிமிஷ டிரெய்லர்: நீங்க ஒரு சின்னப் பையன், அல்லது பொண்ணு. கையில் ஒரு குட்டி மிருகம். புல்வெளி, குகை, கடல் என்று சுத்தி, இன்னும் பல மிருகங்களைப் பிடிக்கணும், வளர்க்கணும், மோதவிடணும். ஆறு பேரை மட்டும்தான் ஒரே நேரத்தில் கூட வைத்துக்கொள்ளலாம். ஊர் ஊராக இருக்கும் வாத்தியார்களை ஜெயித்து கடைசியில் சாம்பியன் ஆகணும். அவ்வளவுதான் கதை. 'மான்ஸ்டர்' என்று பேர் வைத்திருந்தாலும் பயமுறுத்துகிற பூதம் அபூர்வம். பாதிக்கு மேல் பார்த்தவுடன் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும்.

பூச்சி பிடிச்ச பையன்

இந்தக் கதை ஜப்பானில், டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் ஆரம்பிக்கிறது. 1965-ல் பிறந்த சடோஷி டஜிரிக்கு சின்ன வயசில் இருந்த ஒரே பைத்தியம்... பூச்சி! கூடப் படிச்ச பசங்க அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'பூச்சி டாக்டர்'. மற்ற பசங்க மரப்பட்டையில் தேன் தடவி வண்டுக்காகக் காத்திருப்பார்களாம். நம்ம ஆள் கொஞ்சம் யோசிச்சார். வண்டு பகலில் தூங்குகிற ஜாதி. தூங்க கல்லுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அதனால் மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போய், காலையில் வந்து கல்லைப் புரட்டுவார். உள்ளே வண்டு! பிற்பாடு பேட்டியில் அவரே சொன்ன விஷயம் இது. கேமில் புல்லுக்குள் கால் வைக்கும்போது 'உள்ளே என்ன இருக்குமோ' என்று ஒரு குறுகுறுப்பு வருகிறதே... அது அந்தக் கல்லைப் புரட்டும்போது வந்த குறுகுறுப்புதான்.

டஜிரி வளர வளர ஊரும் வளர்ந்தது. வயலும் குட்டையும் போய் கட்டடம் வந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் சென்டர் முளைத்ததாம். பையனும் பூச்சியை விட்டுட்டு கேம் சென்டரே கதியென்று கிடந்தார். 1983-ல் 'கேம் ஃப்ரீக்' என்ற பேரில் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து ஒரு பத்திரிகை நடத்தினார். அதைப் பார்த்துப் பிடித்துப்போய் படம் வரைய வந்து சேர்ந்தவர்தான் கென் சுகிமோரி. 1989-ல் பத்திரிகை கம்பெனி ஆனது.

அதே வருஷம் நின்டென்டோவின் கேம்பாய் வந்தது. அதில் இரண்டு மெஷினை இணைக்க ஒரு கேபிள் உண்டு. மற்ற எல்லோரும் அந்தக் கேபிளைப் பார்த்து 'ரெண்டு பேர் மோதலாம்' என்று நினைத்தபோது, டஜிரி கண்ணுக்கு அந்த ஒயரில் பூச்சிகள் ஊர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது தெரிந்தது. சண்டை போடுவதற்கு முன்னால் அவருக்குத் தோன்றியது பண்டமாற்று! கிட்டத்தட்ட ஆறு வருஷம் இழுத்தடித்து 1996 பிப்ரவரி 27-ம் தேதி ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு கேசட்டாக வெளிவந்தது. அதற்குள் கேம்பாயே பழைய சரக்கு ஆகிவிட்டது. 'இது போணி ஆகாது' என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

ஏன் இரண்டு? இங்கேதான் கில்லாடித்தனம். சிவப்பில் இருக்கிற சில மிருகங்கள் பச்சையில் கிடையாது. பச்சையில் இருப்பது சிவப்பில் கிடையாது. எல்லாவற்றையும் சேர்க்கணும்னா வேறு கேசட் வைத்திருக்கிற ஒருத்தனை நீங்க தேடித்தான் ஆகணும். கடாப்ரா, ஹான்டர் மாதிரி சிலது இன்னும் மோசம். என்னதான் வளர்த்தாலும் அடுத்த உருவம் எடுக்காது. வேறொருத்தர் கைக்கு மாறினால்தான் எடுக்கும்! அதாவது முழுசாக வளரணும்னா, நீங்க பாசமா வளர்த்ததை இன்னொருத்தன்கிட்ட கொடுத்துத்தான் ஆகணும். திருப்பித் தருவானா? அது உங்க ஃப்ரெண்ட்ஷிப்பைப் பொறுத்தது!

(நம்ம ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவாங்க. இங்கே கேம்பாய் வைத்திருந்தவர்கள் குறைவு. கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடியவர்களே அதிகம். பெரும்பாலும் கேபிளும் இல்லை, எதிரே ஆளும் இல்லை. அதனால் பலரோட கடாப்ரா கடைசி வரை கடாப்ராவாகவே காலம் தள்ளியது.)

அட்டவணையில் ஒரு ஓட்டை

முதல் கேசட்டில் மொத்தம் 150. பிடிக்கப் பிடிக்க போக்கிடெக்ஸ் என்கிற அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக நிறையும். 143 நிறைந்துவிட்டது, ஏழு காலி என்றால் அந்த ஏழும் மண்டைக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும். முடித்த வேலையைவிட பாதியில் நிற்கிற வேலைதான் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று 1927-லேயே எழுதினார் புளூமா ஸைகார்னிக் என்கிற உளவியல் ஆய்வாளர். ஹோட்டல் சர்வர்கள் பில் கட்டாத டேபிளின் ஆர்டரை மட்டும் துல்லியமாக நினைவில் வைத்திருப்பதைக் கவனித்ததில் இருந்து பிறந்த யோசனை. அவரோட முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று பிற்பாடு சண்டை நடந்தது வேறு கதை. ஆனால் ஸ்டாம்ப் ஆல்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்த கடுப்பு உங்களுக்கே தெரியும்தானே?

இதில் ஒரு சுவாரஸ்யம். 150 முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது 151-வதாக ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. பேர் மியூ. கேம் ரெடியாகி, பிழை பார்க்கிற புரோகிராமை எல்லாம் நீக்கியதும் கேசட்டில் 300 பைட் அளவுக்கு இடம் மிச்சம் வந்தது. ஷிகேகி மொரிமோட்டோ என்ற புரோகிராமர் சத்தமில்லாமல் அந்த இடத்தில் மியூவைச் செருகிவிட்டார். ஆடுகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் திட்டம். ஆனால் கேமில் இருந்த ஒரு கோளாறு வழியாக அது சிலர் கையில் அகப்பட, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வதந்தி! 1996-ல் 'கோரோகோரோ காமிக்' என்ற சிறுவர் பத்திரிகை 20 பேருக்கு மியூ பரிசு என்று அறிவித்தது. வந்து குவிந்த விண்ணப்பம் 78 ஆயிரத்துக்கும் மேல்! அட்டவணையே இல்லாத கட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கோங்க.

ஆனால் ஒன்று சொல்லிடறேன். சேகரிப்பு மட்டும்தான் காரணம் என்றால் அட்டவணை நிரம்பியதும் கேசட்டைத் தூக்கிப் பரணில் போட்டிருக்கணும். அப்படிச் செய்யலையே? 150 பிடித்த ஆளும் கடைசியில் கூட வைத்திருப்பது ஆறு பேரை. அந்த ஆறு பேர்தான் நிஜமான மேட்டர்.

'என்னோடது' என்கிற வார்த்தை

முதல் அஞ்சு நிமிஷத்திலேயே கேம் உங்களை ஒரு முடிவு எடுக்க வைக்கும். பல்பசார், சார்மாண்டர், ஸ்கர்ட்டில் - மூன்றில் ஒன்று. மீதி இரண்டும் இந்த ஆட்டத்தில் உங்களுக்கு இல்லை. நெருப்புப் பல்லியான சார்மாண்டரை எடுத்தவர்கள்பாடு ஆரம்பத்தில் திண்டாட்டம். முதல் வாத்தியார் ப்ராக்கிடம் இருப்பது பாறை. அடுத்தவர் மிஸ்டியிடம் இருப்பது தண்ணீர். இரண்டுமே நெருப்புக்கு எமன்! கஷ்டப்பட்டுத் தோற்று, மறுபடி புல்வெளிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, திரும்பி வந்து ஜெயித்தவன்தான் இருபது வருஷம் கழித்தும் 'நான் சார்மாண்டர் பார்ட்டி' என்று காலரைத் தூக்கிவிடுகிறான். சுலபமாக ஜெயித்தவன் இவ்வளவு சத்தம் போடுவதில்லை, கவனிச்சிருக்கீங்களா?

இதற்கு ஒரு பேரே இருக்கிறது. 2012-ல் நார்ட்டன், மோச்சன், ஆரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆட்களைக் கூப்பிட்டு காகிதத்தில் ஒரிகாமி கொக்கு மாதிரி உருவங்கள் செய்ய வைத்தார்கள். கோணல்மாணலாகச் செய்தவர்களும், 'இதுக்கு என்ன விலை கொடுப்பீங்க?' என்று கேட்டபோது, கைதேர்ந்தவர்கள் செய்த கொக்குக்கு மற்றவர்கள் சொன்ன விலைக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தங்கள் கொக்குக்குச் சொன்னார்களாம். நாமே மாட்டிக்கொள்ளும் மேஜை நாற்காலி விற்கிற கம்பெனியின் பேரை வைத்து 'ஐக்கியா எஃபெக்ட்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். கை பட்ட பொருளுக்கு மவுசு ஜாஸ்தி. கைரடாஸை நேரடியாகக் கடலில் வலை போட்டுப் பிடிப்பதற்கும், மாஜிகார்ப்பிலிருந்து வளர்த்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். பலம் ஏறக்குறைய ஒன்றுதான். பாசம் ஒன்றில்லை.

கேம் செய்தவர்களும் இந்த நரம்பைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். 2002-ல் வந்த ரூபி, சஃபையர் கேசட்டிலிருந்து ஒவ்வொரு மிருகத்துக்கும் ஆறு திறமைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 31 வரை பிறவிக் குணமாக ஓர் எண் மறைவாக ஒட்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க... 32-ஐ ஆறு முறை பெருக்கணும். 107 கோடியைத் தாண்டும்! இது போதாதென்று 25 வகை சுபாவம் வேறு. கோபக்காரன், கூச்சசுபாவி என்று. அதையும் பெருக்கினால் 2,684 கோடி. அதாவது உங்க கையில் இருக்கிற பிக்காச்சுவும் பக்கத்து வீட்டுப் பையனோட பிக்காச்சுவும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், அச்சு அசலாக ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லைங்கிற அளவுக்குக் குறைவு. மேலே ஒரு செல்லப்பேரும் நீங்களே வைக்கலாம். 'பூரி', 'குண்டு', 'தம்பி' என்று பேர் வைத்த பிறகு அது வெறும் எண்ணாக எங்கே இருக்கிறது?

எல்லா கேமும் இந்தப் பாச ரூட்டில் போவதில்லை என்பதையும் சொல்லணும். போக்கிமானுக்கு ஒன்பது வருஷம் முன்னால், 1987-ல் ஜப்பானில் வந்த 'மெகாமி டென்செய்' கேமில் பேய் பிசாசுகளிடம் பேச்சுவார்த்தை நடத்தி, பேரம் பேசி, கூட்டாளி ஆக்கிக்கொள்ளணும். அப்புறம்? இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்து உருக்கி மூன்றாவதாக வலுவான ஒன்றைச் செய்வது! பழைய இரண்டும் காலி. சென்டிமென்ட்டுக்கு அங்கே இடமே இல்லை. அதையும் ரசிக்கிறவர்கள் ஏராளம். கெமிஸ்ட்ரி லேபில் 'இதையும் அதையும் ஊத்தினா என்ன ஆகும்' என்று பார்க்கிற கை அவர்களுக்கு. 1992-ல் வந்த 'டிராகன் குவெஸ்ட் 5' நடுவாந்திரம். அடிபட்டு விழுந்த மிருகம் எழுந்து, 'நானும் உங்ககூட வரட்டுமா?' என்பது போல ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்கு விழாதவர் யார்?

எனக்கு ரொம்பப் பிடித்தது 1997-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'மான்ஸ்டர் ஃபார்ம்'. மற்ற நாடுகளில் 'மான்ஸ்டர் ராஞ்சர்'. கேம் சிடியை எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பாட்டு சிடியைச் செருகினால், அந்த சிடியில் இருக்கிற தகவலை வைத்து ஒரு மிருகம் பிறக்கும்! அக்கா வைத்திருக்கும் சிடிக்கு ஒன்று, அப்பா வைத்திருக்கும் சிடிக்கு வேறொன்று. வீட்டில் உள்ள சிடி எல்லாம் தீர்ந்ததும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். ஆனால் இதில் ஒரு கசப்பும் இருந்தது. அந்த மிருகத்துக்கு வயசாகும். போட்டி போட்டியாக அனுப்பிக் கசக்கிப் பிழிந்தால் ஆயுசு குறையும். ஒரு நாள் இறந்தும் போகும்.

சாகும்னு தெரிஞ்சா பாசம் கூடுமா?

கூடும் போலிருக்கிறது! போக்கிமானில் தோற்ற மிருகம் மயங்கி விழும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் ஓசியிலேயே குணமாகிவிடும். 2010-ல் இன்டர்நெட்டில் வெளியான ஒரு சித்திரக்கதை இந்த விதியைத் தலைகீழாக்கியது. மயங்கி விழுந்தால் செத்ததாக அர்த்தம், அதோடு விட்டுவிடணும். ஒவ்வொரு இடத்திலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டும்தான் பிடிக்கலாம். 'நஸ்லாக்' என்று இதற்குப் பேர் வந்தது. பிடித்த எல்லாவற்றுக்கும் செல்லப்பேர் வைத்தே ஆகணும் என்பதும் சீக்கிரமே எழுதாத சட்டமாகச் சேர்ந்துகொண்டது. யாரும் கட்டாயப்படுத்தாமலே உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் தலையில் தாங்களே இந்தக் கஷ்டத்தைச் சுமந்துகொள்கிறார்கள். இந்த விதியில் ஆடும்போதுதான், வழக்கமாக ஏறெடுத்தும் பார்க்காத எலி, புறா, புழு எல்லாம் டீமுக்குள் வரும். வேறு வழியில்லாமல் எடுத்த அந்தப் புறா ஒரு நாள் தோற்கவேண்டிய சண்டையைக் காப்பாற்றிக் கொடுக்கும். அடுத்த ஊரில் அது போய்விட்டால்... ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றவர்கள் உண்டு, சிரிக்காதீங்க!

கூட்டமாக அழுத கதை ஒன்றும் இருக்கு. 2014 பிப்ரவரி 12-ம் தேதி ட்விட்ச் தளத்தில் ஒரு விநோதப் பரிசோதனை ஆரம்பமானது. போக்கிமான் சிவப்பு கேமை யார் வேண்டுமானாலும் ஆடலாம். எல்லோரும் ஒரே நேரத்தில்! 'மேலே', 'கீழே' என்று நீங்க டைப் பண்ணினால் ஆள் நகரும். ஒரே சமயத்தில் பல ஆயிரம் பேர் டைப் பண்ணினால் என்ன ஆகும்? ஒரு சின்னத் திட்டைத் தாண்டவே மணிக்கணக்கு. இந்தக் குழப்பத்தில் முதல் நாளில் தேர்ந்தெடுத்த செல்லப்பிள்ளையையே, சார்மாண்டர் வளர்ந்து சார்மேலியன் ஆகியிருந்ததை, தவறுதலாகக் காட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஒரு பட்டன் மாற்றி அழுத்தினதில் போச்சு! அன்று ரசிகர்கள் வரைந்து தள்ளிய அஞ்சலிப் படங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதே கூட்டம் ஒரு பறவையைத் தெய்வமாக்கிக் கொண்டாடியது தனிக் கதை. 16 நாளில், மார்ச் 1-ம் தேதி, கேமை முடித்தே விட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 11 லட்சத்துக்கும் மேல்.

ஆட்டத்துக்கு வெளியே இதன் தடம் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், 2019-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூளைக்குள்ளேயே தேடிப் பார்த்திருக்கிறார்கள். சின்ன வயசில் கேம்பாயில் மாய்ந்து மாய்ந்து ஆடி வளர்ந்தவர்களுக்கு ஸ்கேன் எடுத்தபடியே போக்கிமான் படங்களைக் காட்டினால், பார்வை தொடர்பான ஒரு மடிப்பில் குறிப்பிட்ட ஓர் இடம் மட்டும் விழித்துக்கொள்கிறதாம். ஆடாதவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. எல்லோரும் அதே சின்னஞ்சிறு ஸ்கிரீனை, அதே கை தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்ததால், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடம்!

இன்னொரு ஆய்வு கொஞ்சம் சுருக்கென்று குத்தும். 2002-ல் 'சயின்ஸ்' இதழில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டது. பிரிட்டன் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு பக்கம் அந்த ஊர்ச் செடி, பூச்சி, பறவை, விலங்கு படங்கள், இன்னொரு பக்கம் போக்கிமான் படங்கள். எட்டு வயசுப் பிள்ளைகள் போக்கிமானில் கிட்டத்தட்ட 80 சதவிகிதத்தைச் சரியாகச் சொன்னார்கள். நிஜ உயிர்களில் பாதியைச் சொல்லவே திணறினார்கள். நூற்றுக்கணக்கான உயிரினங்களைப் பேரோடு, குணத்தோடு மனப்பாடம் பண்ணுகிற சக்தி பிள்ளைகளிடம் கொட்டிக் கிடக்கிறது, அதைக் கறக்கத் தெரிந்தவர் பூச்சி பிடிக்கப் போன டஜிரிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அணில் ஜெயிச்ச நாள்

'என்னால் முடியுது', 'என் இஷ்டத்துக்குச் செய்யறேன்', 'எனக்கு நாலு பேர் இருக்காங்க' - இந்த மூன்று நினைப்பும் கிடைக்கிற கேம்தான் மனசுக்குப் பிடிக்கும் என்று 2006-ல் ரயான், ரிக்பி, ப்ரிஸிபில்ஸ்கி என்ற மூவர் எழுதிய ஆய்வு சொல்கிறது. புத்தகத்தில் படித்தால் தூக்கம் வருகிற இந்த வரி, 2014 ஆகஸ்டில் வாஷிங்டனில் நடந்த போக்கிமான் உலகப் போட்டியில் கண்ணெதிரே நடந்தது.

பெரிய போட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்த்து ஏறக்குறைய அதே ஏழெட்டு முரட்டு மிருகங்களைத்தான் கொண்டுவருவார்கள். ரிஸ்க் எடுப்பானேன்? தென் கொரியாவின் சே ஜுன் பார்க் மட்டும் டீமில் ஒரு மின்சார அணிலைச் சேர்த்திருந்தார். பச்சிரிசு. அழகுக்குத்தான் லாயக்கு என்று எல்லோரும் ஒதுக்கிவைத்திருந்த குட்டி. அது மைதானத்தில் இறங்கி, எதிரிகளின் அடியை எல்லாம் தன் பக்கம் இழுத்துத் தானே வாங்கிக்கொண்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவன் வேலையை முடித்தான். பக்கத்தில் நின்றவன் யார் தெரியுமா? நம்ம கைரடாஸ்! அணில் எழுந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் அரங்கம் கத்திய கத்தல் இருக்கிறதே... பார்க் உலக சாம்பியன் ஆனார். 'எது பலமோ அதை எடு' என்பது ஒரு வகை ஆட்டம். 'எனக்குப் பிடித்ததை எடுத்து, அதை ஜெயிக்க வைக்கிறேன் பார்' என்பது வேறு வகை. இரண்டாவதுக்கு இடம் விடுகிற கேம்கள் குறைவு.

எல்லாம் இனிப்பு இல்லை என்பதும் நிஜம். 1999-ல் வந்த தங்கம், வெள்ளி கேசட்டில் நிறம் மாறிய அபூர்வ மிருகங்களைச் சேர்த்தார்கள். 'ஷைனி'. எதிர்ப்படும் வாய்ப்பு 8,192-ல் ஒன்று. 2013-ல்தான் 4,096-ல் ஒன்றாக இறங்கியது. '8,192 தடவை தேடினா கட்டாயம் கிடைச்சிடும்' என்று நினைத்தால், ப்ராபபிலிட்டி பேப்பரில் நீங்க அவுட்! அத்தனை தடவை தேடியும் கிடைக்காமல் போக 37 சதவிகித வாய்ப்பு உண்டு. எப்போ கிடைக்கும் என்றே தெரியாத பரிசுக்காக விடாமல் பட்டன் அழுத்தும் ஸ்கின்னரின் புறாக்களைப் பற்றி சைக்காலஜி படிக்கிறவர்கள் சொல்வார்கள். கேசட் காலத்தில் இதில் போனது உங்க நேரம் மட்டும். இப்போது மொபைலில் மான்ஸ்டர் கேம் என்ற பேரில் வருகிற பலவற்றில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் காசு. வளர்ப்பதில் கிடைக்கிற சந்தோஷத்தை எடுத்துவிட்டு லாட்டரியை மட்டும் வைத்துக்கொண்ட சரக்கு அது. அந்த வகையை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

'மிருகத்தைப் பிடித்து அடைத்து மோத விடுவது மட்டும் நியாயமா?' என்று உங்களுக்குத் தோன்றினால், கேமுக்குள்ளேயே அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டார்கள். 2010-ல் வந்த கறுப்பு, வெள்ளை கேசட்டில் உங்களை எதிர்க்கிற 'என்' என்ற இளைஞன் கேட்பது அதைத்தான். வில்லன் கூட்டத்தில் இருந்தாலும் அவன் பேச்சில் நியாயம் இருக்கிற மாதிரியே இருக்கும். பதில் சொல்ல முடியாமல் கொஞ்சம் நெளிய வைப்பான்.

இடம் மாறும் ஆறு பேர்

2019 ஜூனில் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அந்த வருஷக் கடைசியில் வரப்போகும் ஸ்வோர்டு, ஷீல்டு கேம்களில் பழைய மிருகங்கள் எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது, சிலதுக்குத்தான் இடம் என்று தயாரிப்பாளர் ஜுனிச்சி மசுடா அறிவித்தார். வெளியில் இருந்து பார்த்தால் 'ஒரு பொம்மை குறைஞ்சா என்ன இப்போ?' என்றுதான் தோன்றும். ஆனால் அவர்கள் கோபம் பொம்மைக்காக இல்லை. 2002-ல் ரூபி கேசட்டில் பிடித்த ஒரே ஒரு மிருகத்தை, கேசட் கேசட்டாக, மெஷின் மெஷினாக 17 வருஷம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்!

அந்தப் பயணம் எப்படின்னா... கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டை டிஎஸ் மெஷினில் செருகி 2006-ல் வந்த டயமண்ட், பேர்ல் கேமுக்கு மாற்றணும். அங்கிருந்து இரண்டு டிஎஸ் மெஷினை எதிரெதிரே வைத்து கறுப்பு, வெள்ளைக்கு. அப்புறம் 3டிஎஸ்ஸில் 'போக்கிமான் பேங்க்'. அங்கிருந்து 2020-ல் வந்த 'போக்கிமான் ஹோம்'. முக்கால்வாசி இடத்தில் ஒருவழிப் பாதை. ஏறினால் திரும்ப இறங்க முடியாது. 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையை நின்டென்டோ 2023 மார்ச்சில் மூடிவிட்டது. பேங்க் புரோகிராமை அதற்கு முன்பே இறக்கி வைத்தவர்களுக்குத்தான் இந்த வழி.

அதற்கும் முந்தைய சிவப்பு, பச்சை, தங்கம், வெள்ளி கேசட்காரர்களுக்கு ரூபிக்குப் போக வழியே வைக்கவில்லை. அந்த மிருகங்கள் அந்தக் கேசட்டோடு சரி. கேசட்டுக்குள் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. நீங்க சேமித்த ஆட்டம் உயிரோடு இருப்பது அது இருக்கிற வரைக்கும்தான். தங்கம், வெள்ளியில் கடிகாரம் வேறு ஓடுவதால் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்க வீட்டுப் பரணில், வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்த கேசட் ஒன்று கிடந்தால், மெஷினில் போட்டுப் பாருங்க. 'தொடர்க' என்ற வரி இன்னும் தெரிந்தால், பேட்டரி மாற்றுகிறேன் பேர்வழி என்று உடனே ஸ்க்ரூவைக் கழற்றிவிடாதீங்க. பழைய பேட்டரியை எடுத்த அடுத்த நிமிஷம் உள்ளே இருக்கிற ஆறு பேரும் காலி. சேமித்த ஆட்டத்தை கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. முதலில் காப்பி, அப்புறம்தான் பேட்டரி. புதுசு போட்டதும் காப்பியைத் திரும்ப ஏற்றிவிட்டால், நீங்க எட்டாம் கிளாஸில் நிறுத்திவைத்த அதே புல்வெளியில், நீங்க வைத்த அதே பேரோடு நிற்கும்.